1,140 வோல்ட்டுக்கு ஒரு சாட்சி

1.

இந்தக் கதை பிறந்தது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் எரிந்த கோபத்தில். வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. பாலிகஞ்ச் ஃப்ளாட்டில், பட்டப்பகலில், சத்தமே இல்லாமல் செத்துப்போனது. "வோல்டேஜ் எகிறியிருக்கும்" என்றேன். "யார் பார்த்தது?" என்றார் மெக்கானிக். அந்த ஆத்திரத்தில்தான் வசுமதியை உண்டாக்கினேன். அவள் பார்ப்பாள்.

2.

முதல் வரி: அன்று காளிகாட் வானத்தில் கருமேகங்கள் திரண்டு [அடித்துவிட்டேன். இதற்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லை.]

இரண்டாவது முயற்சி: தடுப்பூசி அறையில் விளக்கு ஒரு கணம் மினுக்கியது. வசுமதி நிமிர்ந்து

இதை வசுமதியே அடித்தாள். "ஒரு நொடியை ரெண்டாயிரம் கூறு போடுங்க சார். அதுல ஒரு கூறுதான் வோல்டேஜ் எகிறி அடங்கற நேரம். விளக்கும் காட்டாது, கண்ணுக்கும் தெரியாது. அதுக்குத்தானே மெஷின் வைக்கிறோம்?"

கதாபாத்திரம் ஆசிரியனைத் திருத்தலாமா என்று கேட்காதீர்கள். வேலை தெரிந்தவள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.*

3.

சரி, ஒழுங்காகச் சொல்கிறேன். வசுமதி சால்ட் லேக்கில் ஒரு மின்சோதனைக் கூடத்தில் இன்ஜினியர். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்து நாலு வருஷம். காளிகாட் சந்து ஒன்றில் தடுப்பூசிக் கிடங்கு இருக்கிறது. அங்கே குளிர்பெட்டியின் கண்ட்ரோல் கார்டு மூன்று மாதத்தில் மூன்று முறை எரிந்தது. பழியை எலக்ட்ரீஷியன் தமிழரசன் தலையில் கட்டினார்கள். பதினெட்டு வருஷம் அங்கே உழைத்தவர். வயரிங் சரியில்லை, வெள்ளிக்கிழமையோடு கிளம்பு என்று சொல்லிவிட்டார்கள்.

"பிரிச்சே பாருங்க மேடம். தப்பிருந்தா நானே போயிடறேன்" என்றார் அவர், சோதிக்க வந்த வசுமதியிடம்.

பிரித்தே பார்த்தாள். தப்பில்லை. மெயின் போர்டில் பதிவுக் கருவியை மாட்டி, 500 வோல்ட்டைத் தாண்டினால் பதியும்படி வைத்தாள்.

செவ்வாய், காலை 11.42. பக்கத்து வணிக வளாகத்தில் பெரிய கெபாசிட்டர்களை லைனில் இணைக்கும் நேரம்; அப்போதுதான் வோல்டேஜ் எகிறும். திரையில் கூராக ஒரு கோடு எழுந்து நின்றது: 1,140 வோல்ட். கூட நின்றவர் அவளுடைய மேலதிகாரி வைத்தியநாதன். லெபு சா என்கிற எலுமிச்சை டீ இருந்த மண்குவளை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. "அடேயப்பா!" என்றார்.

[அந்த "அடேயப்பா"வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.]

4.

அறிக்கையில் இரண்டு கையெழுத்து வேண்டும். பதிவு செய்தவர் ஒருவர், கூட இருந்து பார்த்தவர் ஒருவர். வியாழக்கிழமை வைத்தியநாதன் வேறு மாதிரி பேசினார். வளாகத்துக்காரர்கள் மேலிடத்தைப் பிடித்துவிட்டார்கள்.

"வசு, அந்த 500-ஐ 1,500 ஆக்கிட்டு ஒரு வாரம் மறுபடி ஓட்டும்மா. ஒண்ணும் பதியாது. அறிக்கை சுத்தமாப் போயிடும்."

"தமிழரசனும் போயிடுவாரே சார்? நீங்களும்தானே பார்த்தீங்க?"

"நான் ஒண்ணும் பார்க்கலை. டீ குடிச்சிட்டிருந்தேன்."

"அடேயப்பான்னீங்களே?"

"டீ சுட்டுது."

வசுமதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "500-ஐத் தொட மாட்டேன். அந்தமானுக்கு மாத்தினாலும் சரி" என்று சொல்லி, தன் இடத்தில் தாள் கிழியாத குறையாகக் கையெழுத்துப் போட்டாள்.

5.

முடிவு ஒன்று: வைத்தியநாதன் மனம் திருந்தி, பேனாவை எடுத்து

"வேணாம் சார்" என்றாள் வசுமதி. "நீங்க ஒரு வரியில திருத்திடுவீங்க. அவர் திருந்தணுமே?"

முடிவு இரண்டு: தமிழரசன் டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மெட்ரோ படியில் [இதை எழுத மாட்டேன்.]

முடிவு மூன்று: சாட்சிக் கையெழுத்தை நானே போடுவது. கதைக்குள் போய்ப் பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். வசுமதி அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உண்டாக்கினவர் சாட்சி ஆக முடியாது சார். கூட இருந்து பார்த்த வேற ஆள் வேணும்."

6.

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. தமிழரசன் வாசலில் நிற்கிறார். அறிக்கை மேஜைமேல் இருக்கிறது. இரண்டாவது கையெழுத்துக்கான இடம் காலி.

செவ்வாய், 11.42, 1,140 வோல்ட். நீங்கள் கூடவேதான் இருந்தீர்கள். எங்கே, டீ குடித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிப் பாருங்கள்.

---

* பதிப்பாசிரியர் சொன்னார்: "வோல்ட்டைக் குறைச்சுக்கிட்டு மனசைப் பத்தி எழுதுங்க." மாட்டேன். வோல்ட் என்றால் இங்கே வோல்ட்தான்.