பிள்ளைக்காம்பராவில் நின்ற கார்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் காரை எலி தின்றதால் வந்தது. ஊரடங்கு மாதங்களில் ஓடாமல் நின்ற கார். புளத்கொகுபிட்டிய டவுனில் பொனட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக், அறுந்த வயர்களை விரலால் தூக்கிக் காட்டிக்கொண்டே, "இதென்ன சேர், எங்கட மூத்தவாப்பாட காலத்துல மேல தோட்டத்துல தொரையிட காரையே எலி முடிச்சிருக்கு. பிள்ளைக்காம்பராவுல உட்டு வெச்சிருந்தாங்களாம்" என்றார்.

தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் அறைக்குத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்று பெயர்.

"அப்ப பிள்ளைகள எங்க வெச்சாங்க?"

"அது தெரியா சேர்."

காருக்கு என்ன ஆனது என்பது மூன்று தலைமுறை தாண்டி வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்பது வந்து சேரவில்லை. அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. கீழே இருப்பதெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை ஓய்ந்த சரிவில் ரப்பர் மரங்கள் வெள்ளைக் கண்ணீர்...'

அடித்துவிட்டேன். மரம் அழுததை எழுத ஆட்கள் இருக்கிறார்கள்.

பிறகு: 'துரை சீமைக்குப் புறப்பட்ட அன்று தோட்டமே...'

தோட்டமே ஒன்றும் செய்யவில்லை. ரப்பர் விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. பாதிப் பேருக்குத்தான் வேலை. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை லீவில் போனால் என்ன, வந்தால் என்ன என்று சனங்கள் அன்றைய அரிசியைப் பற்றித்தான் நினைத்திருப்பார்கள்.

ஆகவே சுப்பம்மாவிலிருந்து தொடங்குகிறேன். பிள்ளைக்காம்பராவின் ஆயா அவள். முப்பத்தைந்து வயதிருக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலையில் இருந்தவள், மழைச் சரிவில் விழுந்து வலது மணிக்கட்டு கோணலாகப் பொருந்திய பிறகு வெட்டுக்கத்தி பிடிக்க முடியாமல் இந்த வேலைக்கு வந்தாள். வாய் கொஞ்சம் நீளம் என்று கங்காணி சொல்வார். பிள்ளைகளிடம் அந்த வாய் பாடும்.

3

துரை போவதற்கு முந்திய வருடம் நடந்ததைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது.

பேச்சாயி என்றொருத்தி. பால் வெட்டுகிறவள். அவளுடைய கைக்குழந்தை சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கால் வெளியே தொங்கியது. சுப்பம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த நேரத்தில் எலி வந்து பெருவிரலைக் கடித்துவிட்டது. பிள்ளை வீரிட்டு அழ, திரும்பிப் பார்த்தவள் கண்ணில் முதலில் பட்டது கீழே சொட்டிய இரத்தம். காயம் புழுத்துப்போய் ஆறுவதற்குள் பிள்ளை பாதியாகிவிட்டது.

சுப்பம்மா ஆபீசுக்குப் போய் வாசலில் நின்றாள். கிளாக்கர் நல்லையா யாழ்ப்பாணத்தார். தலையை நிமிர்த்தாமல், "என்ன?" என்றார்.

"கதவுக்கு அடியில எலி வருதுங்க ஐயா. ஒரு துண்டு தகரம் அடிச்சிக் குடுத்தா போதும். செவுத்துப் பொந்துக்குக் கொஞ்சம் சீமெந்தும்."

"கொம்பனி ஒரு சதமும் தராது. விலை கிடக்கிற கிடையிலை தகரமோ? ஒரு பூனையை வளர்."

அவள் பூனை கொண்டுவந்தாள். பூனைக்கு வைக்கச் சோறு இல்லை. அது கீழே சிங்கள ஊர்ப் பக்கம் போய்விட்டது.

(நல்லையாவைக் கெட்டவராக எழுத எனக்கு மிகவும் ஆசை. தடையாக இருப்பது ஒன்றுதான். அவருக்கும் ஊரில் ஒரு கைக்குழந்தை இருந்தது, வருடத்துக்கு ஒருமுறைதான் அதைப் பார்த்தார் என்று எழுதிவிட்டேன். எழுதியதை அழிக்க மனம் வரவில்லை. கோபமும் குறையவில்லை.)

4

துரை சீமைக்குப் போகும்போது நல்லையாவிடம் சொன்னது ஒன்றே ஒன்று: கார் நனையக்கூடாது.

கார் நிறுத்தும் கொட்டிலின் கூரை ஒழுகியது. தோட்டத்தில் ஒழுகாத செங்கல் கட்டடம், அகலக் கதவோடு, கைவசம் இருந்தது பிள்ளைக்காம்பரா ஒன்றுதான்.

"எல்லாத்தையும் வெளியிலை எடு. துரை வருமட்டும்தானே" என்றார் நல்லையா.

"புள்ளைங்கள எங்கங்க வைக்கிறது?"

"பிரட்டுக்களத்துப் பக்கம் கிடுகுக் கொட்டில் இருக்குத்தானே."

காலையில் வேலைக்கு வந்தவர்களின் பேர் எடுக்கும் மைதானம்தான் பிரட்டுக்களம். அதன் ஓரத்தில் நாலு கம்பும் மேலே தென்னோலைக் கிடுகும். சுவர் கிடையாது. கார் உள்ளே போயிற்று. சக்கரம் தரையில் அழுந்திக் கெடாமல் மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்தார்கள். தார்ப்பாய் போர்த்தினார்கள். அந்தத் தார்ப்பாயையாவது கொட்டிலுக்குத் தரும்படி சுப்பம்மா கேட்டாள். கிடைக்கவில்லை.

சாரல் அடித்தது. பிள்ளைகள் இருமினார்கள். சுப்பம்மா ஒன்றைத் துவட்டி முடிப்பதற்குள் இன்னொன்று நனைந்தது. சாக்கைக் கட்டி மறைத்தாள். சாக்கும் நனைந்தது. மாலையில் பிள்ளைகளைத் தூக்க வந்த தாய்மார் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே அவளைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு பிள்ளை செத்துப்போவதாக எழுதினேன். இரண்டு பக்கம். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துப் போட்டேன். உங்களுக்குக் கோபம் வருவதற்கு நான் எதற்கு ஒரு பிள்ளையைக் கொல்ல வேண்டும்? யாரும் சாகவில்லை. இருமினார்கள். நனைந்தார்கள். குளிரில் உதடு நீலம் பாரித்தது. இது போதாதென்றால் இந்தக் கதை உங்களுக்கானதல்ல.

5

துரை திரும்பி வரக் கப்பலேறிவிட்டார் என்று செய்தி வந்த பிறகுதான் நல்லையா கதவைத் திறந்தார். மூத்திர நாற்றம் முகத்தில் அடித்தது. தார்ப்பாயை விலக்கினால் இருக்கையின் தோல் கிழிந்து, உள்ளே இருந்த குதிரைமயிர் வெளியே வழிந்தது. அதற்குள் ஒரு கூடு. கூட்டுக்குள் கண் திறக்காத குஞ்சுகள். கன்வஸ் கூரையில் கை நுழையும் ஓட்டை.

டவுனிலிருந்து மர்சூக் வந்தார். மோட்டார் வேலை தெரிந்தவர். பொனட்டுக்குள் தலையை விட்டு நெடுநேரம் பார்த்தார்.

"வயருக்கு மேல சுத்தியிருந்த நூல எல்லாம் உரிச்சி எடுத்திருக்கு. வயரு மாத்தோணும். சீட்டுக்குத் தும்பு அடைச்சிப் புதுசா தோல் தைக்கோணும். அதெல்லாம் செய்யலாம், ஐயா. ஆனா இந்த அறைய சரிக்கட்டாட்டி அடுத்த மாசமும் என்னத்தான் கூப்பிடுவீங்க."

"எலி வராமல் என்ன செய்யவேணும்? அதைச் சொல்லும்."

மர்சூக் சொன்னார். பொந்துகளில் கண்ணாடித் துண்டு போட்டுச் சீமெந்து பூச வேண்டும். கதவின் அடியில் தகரம். ஜன்னலுக்குக் கம்பிவலை. கார் நிற்கும் கட்டைகளைச் சுற்றியும் வழுக்குகிற தகரம். புகை போகும் குழாய்க்கு மரமூடி. சுற்றிலும் பூச்சி உருண்டை. ஒரு பருக்கைகூடச் சிந்தக்கூடாது.

எல்லாம் மாட்டுவண்டியில் மறுநாளே வந்து இறங்கிற்று.

மணல் சுமக்கச் சுப்பம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். கோணல் கையால் கூடையை இடுப்பில் அணைத்துச் சுமந்தாள். பிள்ளை கடிபட்ட மூலையில் கொத்தனார் சீமெந்து பூசுவதை நின்று பார்த்தாள். வெள்ளை வெளேரென்ற தகரம் கதவின் அடியில் ஏறுவதைப் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு நல்லையாவிடம் திரும்பினாள்.

"ஐயா, இந்தத் தகரம் கொம்பனி குடுத்ததுங்களா?"

"ஓம்."

"போன வருசம் பேச்சாயி புள்ள காலுக்குக் கேட்டேங்களே."

"அது வேறை, இது வேறை. உனக்கு உது விளங்காது."

"வெளங்குதுங்க," என்றாள் சுப்பம்மா.

6

வேலை முடிந்தது. மர்சூக் காரைக் கட்டையிலிருந்து இறக்கி, கம்பியைச் சுழற்றிக் கிளப்பினார். இயந்திரம் ஒரு பிசிறில்லாமல் ஓடியது. நல்லையாவின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு இரத்தம் ஓடியது. மத்தியானம் மறுபடி கட்டையில் ஏற்றிவிடச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார்.

சுப்பம்மா பிரட்டுக்களத்துக்கு ஏறினாள். இடுப்பில் ஒரு பிள்ளை, தோளில் ஒன்று, முந்தானையைப் பிடித்தபடி நடக்கத் தெரிந்தவை. திரும்பத் திரும்ப ஏறி இறங்கினாள். தொட்டில்களை உத்தரத்தில் கட்டினாள். இடம் போதாத பிள்ளைகளைக் காரின் புது இருக்கையில் வரிசையாகப் படுக்கவைத்தாள். உலர்ந்த இடம் கண்டதும் அவை தூங்கிப்போயின.

மர்சூக் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒங்களுக்கு வேல போகும், தங்கச்சி."

"இந்தக் காரு வெளிய போகணும் மர்சூக் நானா. எப்புடித் தள்றதுன்னு சொல்லுங்க."

"எனக்கு இந்தத் தோட்டத்து வேலையும் வேணும்" என்றார் மர்சூக். பிறகு காருக்குள் எட்டி, தூங்கும் பிள்ளையின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, பிரேக்கை விடுவித்தார். முன் சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தார். "நான் கை கழுவிட்டு வாறன்." ஓடைப் பக்கம் இறங்கிப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

(இவரை இன்னும் துணிச்சலாக எழுதியிருக்கலாம். எழுதிப் பார்த்தேன். ஆள் பொய்யாக இருந்தார்.)

நல்லையா வந்தபோது தாய்மாரும் ரப்பர் பால் வாளிகளோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிற நேரம்.

"என்ன இது? எல்லாத்தையும் வெளியிலை தூக்கு."

"தூக்க மாட்டேங்க."

"உன்ரை பேரை வெட்டுவன்."

"வெட்டுங்க. இப்ப எலி வராத அறை தோட்டத்துல இது ஒண்ணுதான். அதுல காரு இருக்கணுமா, புள்ள இருக்கணுமா? நீங்களே சொல்லுங்க. என்கிட்ட சொல்ல வேணாம். பேச்சாயிகிட்டச் சொல்லுங்க."

பேச்சாயி வாளியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய் மகளைத் தூக்கிவந்து வாசலில் உட்கார்ந்தாள். மகளை மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். வடுப்பட்ட கால் நல்லையாவின் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்களும் உள்ளே போய் அவரவர் பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள். நல்லையா ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். கங்காணியைக் கூப்பிட ஆளனுப்பலாம். அனுப்பவில்லை.

பால் குடித்த பிள்ளைகளைப் பாயில் விட்டுவிட்டுப் பெண்கள் காரின் பின்னால் கூடினார்கள். சுப்பம்மா கல்லை எடுத்தாள். தள்ளினார்கள். கார் கனத்தது, பிறகு நகர்ந்தது. முன்பக்கம் வாசலைத் தாண்டும்போது நல்லையா பதறி ஓடிவந்தார்.

"மெல்ல, மெல்ல. இடது பக்கம் உரசப்போகுது. கொஞ்சம் வலத்தை எடுங்கோ."

தானே ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார். வியர்வை வழிய, கூடவே நடந்து, கீறல் விழாமல் வெளியே கொண்டுவந்து, பலா மரத்தடியில் நிறுத்தி, தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினார். சுப்பம்மா கல்லைச் சக்கரத்தில் வைத்தாள். கோபம் போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. உள்ளே போய்க் கஞ்சி அடுப்பை மூட்டினாள்.

மழை வந்தது.

7

முடிவுகள்.

ஒன்று: கல் நழுவுகிறது, கார் சரிவில் உருண்டு கீழே ஓயா ஆற்றில் விழுகிறது. இதை ஆசை தீரத் திரும்பத் திரும்ப எழுதினேன். அதன் செலவு முழுக்க யார் தலையில் விழும் என்று யோசித்ததும் நிறுத்தினேன்.

இரண்டு: துரை வருகிறார், பார்க்கிறார், மனம் இளகி ஒரு குழந்தையின் தலையை... இல்லை. இதை முடிக்க எனக்குக் கை வராது.

மூன்று: சுப்பம்மாவின் பேர் வெட்டப்படுகிறது. இதுதான் நடந்திருக்கும். நடந்திருக்கும் என்பதற்காக நானும் சேர்ந்து ஒருமுறை வெட்ட வேண்டுமா?

ஆகவே துரையை நான் இந்தக் கதைக்குள் விடப்போவதில்லை. அவர் கப்பலிலேயே இருக்கட்டும். உங்களுக்கு அவர் வந்துதான் ஆகவேண்டும் என்றால், நீங்களே கொழும்பில் இறக்கி, மலைக்கு ஏற்றிக் கூட்டிவாருங்கள். பலா மரத்தடியில் நனையும் காரைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று, இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அவர் கேட்பார். அப்போது நல்லையாவை முன்னால் தள்ளாதீர்கள். சுப்பம்மாவைக் கூப்பிடாதீர்கள், அவளுக்கு உள்ளே வேலை இருக்கிறது.

கூட்டிவந்தவர் நீங்கள். நீங்களே பதில் சொல்லுங்கள்.