இடது பக்கக் கண்ணாடி

அத்தான் என்னை ரிப்பேர் வேலைக்குக் கூப்பிட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பல்பு மாற்றக்கூட என்னை யாரும் நம்புவதில்லை. நான் ஸ்டூலில் ஏறினால் பிள்ளைகள் வாசலுக்குப் போய் நின்றுகொள்வார்கள். பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துவது என் தொழில். மற்றபடி என் கைகள் சாப்பிடுவதற்கென்றே படைக்கப்பட்டவை.

"கார்ல சைடு கண்ணாடி உடைஞ்சுபோச்சு மச்சான். புதுசு வாங்கி வச்சிருக்கேன். வெளிய நின்னு பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்" என்றார் போனில். "ரெண்டு மணிக்கு உங்க அக்கா தூங்கிடுவா. அப்ப வா. அவகிட்ட சொல்லிக்க வேண்டாம்."

"மெக்கானிக்கிட்ட விட்டா அரை மணி நேர வேலைதானே அத்தான்?"

"அவன் ரொம்பப் பேசுறான்."

அத்தான் டிரைவிங் ஸ்கூலில் முப்பது வருஷம் மாஸ்டராக இருந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். 'முதல்ல கண்ணாடி, அப்புறம்தான் கை கால்' என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, 'கண்ணாடி மாஸ்டர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த முப்பது வருஷப் புகழில் ஒரே கரும்புள்ளி நான். மூன்று முறை லைசென்ஸ் டெஸ்டில் தோற்று, நாலாவது முறைதான் தேறினேன். இரண்டாவது முறை டெஸ்ட் எடுத்த அதிகாரி பாதி வழியிலேயே இறங்கி நடந்துபோய்விட்டார்.

அக்காவுக்குப் போன வருஷம் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில், நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் அத்தான். என் பங்குக்கு நான் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து ஜோக் சொல்வேன். கடைசியில் "எதுவா இருந்தாலும் கூப்பிடுக்கா" என்பேன். சொல்லிவிட்டு, எங்கே கூப்பிட்டுவிடுவாளோ என்று சட்டென போனை வைத்துவிடுவேன்.

நான் போனபோது கார் வீட்டு முன்னால் நின்றிருந்தது. பழைய கண்ணாடி ஒற்றை ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் ஒரு அட்டைப்பெட்டியில் அதே மாதிரி இன்னும் இரண்டு சடலங்கள்.

"இது எத்தனாவது அத்தான்?"

"மூணாவது. கேட்டு குறுகலா இருக்கு."

"போன வருஷமும் இதே கேட்டுதானே?"

"நடுவுல பெயிண்ட் அடிச்சோம்ல. ரெண்டு கோட்டு."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். என் தொழிலே தப்பைக் கண்டுபிடிப்பதுதான். ஆனால் ஒருவர் என்னைச் சிரிக்கவைத்துவிட்டால் அவர் எழுதியதெல்லாம் எனக்குச் சரியாகத்தான் தெரியும்.

வேலையை அத்தான்தான் செய்தார். இடது கதவின் உள்மூலையில் இருந்த முக்கோணப் பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்தார். உள்ளே மூன்று போல்ட். விரலால் தடவிப் பார்த்து ஸ்பேனரை வைத்துக் கழற்றினார். ஒயர் செருகியைப் பிடுங்கினார். நான் வெளியே நின்று கண்ணாடியைக் கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தேன்.

"ஆட்டாத மச்சான்."

"நான் ஆட்டல, எனக்கே ஆடுது."

"லைசென்ஸ் டெஸ்ட்லயும் இதையேதான் சொன்ன."

புதியதை வைத்து மூன்று போல்ட்டையும் முறுக்கினார். ஒரு போல்ட் கீழே விழுந்தது. அது அவர் காலடியில், இடது செருப்பை ஒட்டிக் கிடந்தது. அவர் குனிந்து வேறெங்கோ துழாவினார். நான் எடுத்துக் கொடுத்தேன். அதையும் நான் கவனிக்கவில்லை. இப்போது யோசிக்கும்போதுதான் கவனிக்கிறேன்.

எல்லாம் முடிந்ததும் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, கண்ணாடியைத் திருப்பும் பொத்தானை அழுத்தினார். என் முன்னால் கண்ணாடி முனகிக்கொண்டே மேலும் கீழும் அசைந்தது.

"இன்னும் கொஞ்சம் வெளிய போகட்டும். ம்... போதும். இப்ப நல்லாத் தெரியுது."

நான் கண்ணாடியைப் பார்த்தேன். கீறல் விழாமலிருக்கக் கடையில் ஒட்டித் தரும் பால் நிறத் தாள் அதன்மேல் முழுதாக அப்படியே இருந்தது. பிரித்திருக்க வேண்டியவன் நான். மறந்துவிட்டேன். அந்தக் கண்ணாடியில் என் மூக்குகூடத் தெரியவில்லை.

ஜோக் நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன அத்தான் தெரியுது?"

"கேட்டு தெரியுது. பக்கத்து வீட்டு மதில் தெரியுது. மதில் மேல ஒரு பூனை."

திரும்பிப் பார்த்தேன். கேட் இருந்தது, மதில் இருந்தது. பூனை இல்லை. நம்பவைக்க வேண்டுமே என்று பாவம், ஒரு பூனையையும் சேர்த்திருக்கிறார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நகத்தால் மூலையைக் கிள்ளி அந்தத் தாளை மெல்ல உரித்தேன். சர்ரென்று சத்தம் வந்தது. முப்பது வருஷம் வண்டியோடு வாழ்ந்தவருக்கு அது என்ன சத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் சுற்றிப் போய் அவர் ஜன்னலருகே நின்றேன்.

"பார்த்தேன் மச்சான். வெள்ளையா இருந்துச்சு" என்றார். "இடது பக்கம் நாலு மாசமா எனக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கு. அதான் வித்தியாசம் தெரியல."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். பார்வை போனது போனதுதானாம். மிச்சத்தைக் காப்பாத்தலாம்னார். வண்டியைத் தொடக் கூடாதுன்னார்." ஸ்டியரிங்கை விரலால் தடவினார். "நேரா நல்லாத்தான் தெரியுது. ஆஸ்பத்திரிக்கு ரோடு நேர்தானே."

"அந்த இடது பக்கத்துலதான் எங்க அக்கா உக்காந்திருக்கா அத்தான்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்தார். எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன். அவர் தலை குனிந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"அவரை எதுவும் சொல்லாத தம்பி."

அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிலேயே உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"பொண்டாட்டிக்குத் தெரியாம இருக்குமா? போகும்போது நான்தான் சொல்லிட்டே வருவேன். இடது பக்கம் பைக்கு, இடது பக்கம் பஸ்ஸு, இப்ப போங்கன்னு. ஏதோ பேச்சு மாதிரி சொல்லுவேன். அவரும் ஏதோ பேச்சு மாதிரி கேட்டுக்குவார்."

"அப்ப இது எப்படி உடைஞ்சுது?"

"மூணு தடவையும் திரும்பி வரும்போது." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மெஷின்லேர்ந்து எந்திரிச்சா தலை நிக்க மாட்டேங்குது தம்பி. தூங்கக் கூடாது, தூங்கக் கூடாதுன்னு கையைக் கிள்ளிக்கிட்டேதான் வர்றேன். கேட்டுக்கு வர்றதுக்குள்ள கண்ணு செருகிடுது."

முழங்கைக்குக் கீழே ஊதாவாய்ப் புள்ளிகள். ஊசி போட்ட தடம் என்று நான் நினைத்திருந்தேன்.

அத்தான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது புதுச் செய்தி.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"உனக்கு வேலை இருக்குமேடா."

அக்கா குத்திக் காட்டுகிறவள் அல்ல. நிஜமாகவே எனக்கு வேலை இருக்கும் என்றுதான் நினைத்திருக்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. பிழை திருத்துகிறவனுக்கு என்ன பெரிய வேலை? விட்டுப்போனதைப் பார்ப்பதுதானே.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்றேன்.

"ஏழுக்கு அங்க இருக்கணும்" என்றார் அத்தான். சாவியை உருவிக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு ஜன்னல் வழியாக நீட்டினார். "ரெண்டாவது கியர்ல எடுத்துத் தொலைக்காத."

மறுநாள் ஆறரைக்கே போய்விட்டேன். அக்கா, "எனக்குப் பின்னாலதான் வசதி, காலை நீட்டிக்கலாம்" என்று தானாகவே பின்சீட்டில் ஏறினாள். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அவர் சொல்லாமலே மூன்று கண்ணாடியையும் பார்த்தேன்.

அத்தான் காரின் முன்பக்கத்தைத் தடவியபடியே சுற்றி வந்து, இடது கதவைத் திறந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் வருஷக்கணக்காக உட்கார்ந்த பக்கம்தான். ஆனால் சொந்தக் காரில் அவர் அங்கே உட்கார்ந்ததே இல்லை. அவர் கை வலது தோளுக்கு மேலே போய் பெல்ட்டைத் தேடியது. அங்கே இல்லை. மறுபடியும் தேடியது. அது இடது பக்கத்தில், அவர் கண்ணுக்கு எட்டாத வெள்ளைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து அக்கா கையை நீட்டி, பெல்ட்டை இழுத்து, அவர் விரல்களுக்குள் வைத்தாள்.

"இடது பக்கம்" என்றாள், ஏதோ பேச்சு மாதிரி.