ஜாப் தாங்காது

ஃப்ரீசர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியதும் உறுமல் நின்றது. நாலு பேராகத் தூக்கிச் சௌம்யாவைப் பாடையில் கிடத்தினார்கள். கோகுல்நாத் கால்பக்கம் பிடித்தான். குளிப்பாட்டியும் மனைவியின் குதிகால் வெடிப்பில் இரும்புத்தூள் போகவில்லை.

"கவர் இல்லாம கிரைண்டிங் மெஷினை யாருய்யா ஓட்டச் சொன்னது?" மாமனார் மனோகரன் வாசலில் கேட்டுக்கொண்டே இருந்தார். டிஃபென்ஸ் ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனவர். "எங்க ஷாப்ல கவர்ல கை வெச்சவன் கையை ஒடிச்சிருப்போம்."

கோகுலுக்குப் பதில் தெரியும். சௌம்யா வேலை பார்த்த அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில்தான் அவன் காஸ்டிங், அதாவது செலவுக் கணக்கு, பார்க்கிறான். ஜாப் 417 என்ற ஆர்டருக்கான இரும்பு பீஸ் பெரிது. இருக்கிற கவருக்குள் நுழையாது. புதுக் கவருக்கென்று மதிப்பீட்டில் ஒரு வரி சேர்த்தான். மேனேஜர் இளங்கோ சிவப்பு மையில் அடித்தார்.

"ஜாப் தாங்காது, கோகுல்."

இருந்த கவரையும் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். நேற்று மதியம் மெஷினில் சுழன்ற கிரைண்டிங் கல் வெடித்தது, சௌம்யா நின்ற பக்கமாக.

இளங்கோ வந்து தோளில் கை வைத்தார். வெள்ளைச் சட்டை. "பெட்டி, வண்டி, மாலை எல்லாம் கம்பெனி செலவு. நீ எதையும் யோசிக்காத." குரல் இறங்கியது. "என்ட்ரி போடறப்ப மட்டும் பொதுச்செலவுல போட்டுடு. எல்லா ஜாப்புக்கும் பிரிஞ்சு கரைஞ்சிடும். 417 செலவு ஷீட்டைக் கஸ்டமர் பாப்பான், நோண்டுவான். அந்த ஜாப் தாங்காதுப்பா."

எந்த வேலைக்கு ஆன செலவோ, அந்த வேலையின் தலையில். எதற்கென்று தெரியாதது மட்டுமே பொதுவில். இதை அவன் வீட்டிலும் சொல்லுவான். "காபி கேட்டா ஜாப் நம்பர் சொல்லு, போட்டுத் தரேன்" என்பாள் சௌம்யா.

பெட்டிக்காரர் சுலைமான் பில் புத்தகத்தோடு வந்தார். "அண்ணாத்தே, பில்லு இன்னா பேர்ல போட? கம்பெனின்னாங்கோ."

"குடுங்க. நான் எழுதறேன்."

அடியிலிருந்த கார்பன் காப்பியிலும் விழும்படி அழுத்தி எழுதினான்: ஜாப் 417, சௌம்யா. கிழித்து இளங்கோவிடம் நீட்டினான்.

"கோகுல், இது..."

மனோகரன் எட்டிப் பார்த்தார். "இன்னா சார் அது?"

"ஒண்ணுமில்ல." இளங்கோ பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சுலைமான் புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கினார்.

சுடுகாட்டுக்குப் போகும் வழியில் திருமுல்லைவாயில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பாடை வெயிலில் நின்றது. கொள்ளிச்சட்டிப் புகைக்கு அப்பால் இளங்கோ வியர்த்துக்கொண்டிருந்தார். சட்டை நெஞ்சோடு ஒட்ட ஒட்ட, பையின் வழியே நீல மையில் எண் தெரிந்தது.