துணி படாத கப்பல் காசு

இணையத்தில் பழங்காசு விற்பவர்கள் எழுதும் வர்ணனைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டால், கல்யாணத் தரகர்கள் வெட்கப்பட்டுத் தொழிலை விட்டுவிடுவார்கள். மூக்குத் தேய்ந்த ராணிக்கு 'கம்பீரமான முகம்' என்று எழுதுவான். விளிம்பில் வெட்டு விழுந்திருந்தால் 'வயதுக்கேற்ற அழகு' என்பான். ஒவ்வொருவனுக்கும் ஒரு தாத்தா இருந்திருப்பார், அந்தத் தாத்தாவுக்கு ஒரு பெட்டி இருந்திருக்கும், அந்தப் பெட்டியை அறுபது வருஷமாக யாரும் திறந்திருக்க மாட்டார்கள். தாத்தாக்கள் எல்லாரும் வேறு வேலையே இல்லாமல் பெட்டியைப் பூட்டிக்கொண்டே வாழ்ந்தார்கள் போலிருக்கிறது.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காசு சேகரிப்போர் சங்கத்தின் நடுவர். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்று தகராறு கிளம்பினால் காசு என் மேசைக்குத்தான் வரும். நான் எழுதிக் கொடுக்கும் தாளுக்கு விற்பவர்கள் பயப்படுவார்கள். முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பூதக்கண்ணாடி' என்பார்கள், சிலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு ஒன்றுமில்லை. எலுமிச்சம்பழம் போட்டுக் காசைத் தேய்த்த ஒரு பெரிய மனிதரைப் பொதுக்குழுவிலேயே எழுப்பி நிற்கவைத்துச் சங்கத்தைவிட்டு அனுப்பியவன் நான். பழங்காசைத் துடைக்கிறவனை நான் மனிதர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அன்று வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் கடைக்குள் வந்தார்கள். தங்கை மருத்துவமனையில் தலைமைச் செவிலி. மாப்பிள்ளை தண்ணீர் மோட்டார் விற்கிறார். எதன் மேலாவது ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் போதும், நம்பிவிடுவார். வாழைப்பழத்தின் மேல் ஒட்டியிருந்தாலும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் உரிப்பார்.

"உன் பொறந்தநாளுக்குக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேண்ணா," என்று சொல்லிக்கொண்டே தங்கை கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "இவர்தான் கேக்கல. திருப்பி அனுப்பணும்னா இன்னைக்கு சாயந்திரம் ஆறு மணிதான் கடைசியாம். மொதல்ல உங்க அண்ணன்கிட்ட காட்டிருன்னாரு."

பிரித்தேன். உள்ளங்கை அளவு தடித்த பிளாஸ்டிக் கூடு. நான்கு பக்கமும் ஒட்டி மூடியது. அதற்குள் கப்பல் காசு.

கப்பல் காசைப் பற்றி எங்கள் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஒரு பக்கம் ராணியின் தலை, மறுபக்கம் மூன்று பாய் விரித்த கப்பல். வெள்ளி. நாலே வருஷம் அடித்த வகை. என் ஆல்பத்தில் நாலு குழிகள், அதில் மூன்றில் காசு இருக்கிறது, நாலாவது இருபத்தாறு வருஷமாகக் காலி. அதில் இருந்த காசை விற்றுத்தான் தங்கையின் நர்சிங் படிப்புக்கு முதல் வருஷப் பணம் கட்டினேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எது நடந்தாலும் யாராவது ஒருத்தர் அந்தக் கதையை எடுப்பார்கள், நான் தலையைக் குனிந்துகொள்வேன். அப்பா போன பிறகு இந்தக் கடைக் கட்டடத்தில் தனக்குப் பங்கே வேண்டாம் என்று தங்கை கையெழுத்துப் போட்டபோதும் இதையேதான் சொன்னாள். "எனக்காக அண்ணன் உயிரையே வித்திருக்கு. இதுல நான் வேற பங்கு கேக்கறதா?"

"ரெண்டு வருஷம் கூடுதலா டியூட்டி பாத்திருக்கா," என்றார் மாப்பிள்ளை. "உங்க ஆல்பத்துல அந்த ஓட்டைய அடைச்சே தீருவேன்னு."

நெகிழ்ச்சியை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, குறை கண்டுபிடிப்பதுதான்.

காசுகளுக்குத் தரம் போடும் நிறுவனம் கூட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். எழுபதுக்கு அறுபத்து மூன்று என்று தரம் போட்டிருந்தது. சான்று எண் கீழே. விற்றவனுடைய பக்கத்தைத் தங்கை கைப்பேசியில் காட்டினாள். 'இயற்கையான மேற்பரப்பு. முழு ஒளி. ஒருபோதும் சுத்தம் செய்யப்படாதது.' தாத்தாவின் பெட்டியும் இருந்தது.

"சர்ட்டிபிகேட் இருக்கு மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "நம்பரைப் போட்டுப் பாத்துட்டேன், வெப்சைட்ல அதே படம் வருது."

"நம்பர் சரியா இருந்தா காசு சரியா இருக்கணும்னு எவன் சொன்னான் மாப்பிள்ளை? அவனுங்களும் மனுஷங்கதான். ஒரு நாளைக்கு ஆயிரம் காசு பாக்கறான், அதுல பத்து காசு டீ குடிச்சுக்கிட்டே பாக்கறான்."

பின்னறைக்குப் போனோம். லென்ஸ் தேய்க்கும் மேசையில் ஒரே ஒரு குண்டு பல்பு. மற்ற விளக்குகளை அணைத்தேன். அச்சிலிருந்து புதிதாக விழுந்த காசின் முகத்தில், கண்ணுக்குத் தெரியாத கோடுகள் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும். ஒற்றை விளக்கின் கீழே சாய்த்துத் திருப்பினால் ஒளி ஒரு கீற்றாகக் காசைச் சுற்றி வரும். துடைத்த காசில் அது சுற்றாது. இதை எந்த ஸ்டிக்கராலும் செய்து காட்ட முடியாது.

திருப்பினேன். கீற்று ராணியின் கழுத்து வரை வந்தது, முகத்துக்கு முன்னால் வந்ததும் செத்தது. அந்த இடம் முழுக்கச் சாம்பலும் நீலமுமாக அழகான நிறம் ஏறியிருந்தது. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் தரம் போட்டவன் ஏமாந்திருக்கிறான். லென்ஸை வைத்தேன். நிறத்துக்கு அடியில் முடி முடியாகக் கீறல்கள். எல்லாம் சின்னச் சின்ன வளைவுகள், ஒரே கட்டைவிரல் சுற்றிச் சுற்றித் தேய்த்தது போல.

"தேய்ச்சிருக்கான்!" என்றேன். எனக்கு ஒரே உற்சாகம். "எந்த மடப்பயலோ டூத் பேஸ்ட்ட வெச்சுத் தேய்ச்சிருக்கான். பனியன் துணி. பாருங்க மாப்பிள்ளை, இந்த வளைவப் பாருங்க. காசா பாத்திரமாடா அது? இவனெல்லாம் எதுக்குக் காசு சேக்கணும், கரண்டி சேக்கலாமே. தேய்ச்சதும் இல்லாம அத மறைச்சு எவன் தலையிலயோ கட்டியிருக்கான். அயோக்கியன்."

"டூத் பேஸ்ட்டுன்னு எப்படிண்ணா தெரியும்?" தங்கை கேட்டாள்.

"தெரியும். பேஸ்ட்டு காஞ்சு எழுத்து ஓரத்துல, காது மடிப்புல வெள்ளையா ஒட்டிக்கும். இந்த மாதிரி முட்டாள் அதையும் விடமாட்டான், ஊக்க எடுத்துக் குடைவான்..."

சொல்லிக்கொண்டே லென்ஸை ராணியின் காதுக்கு நகர்த்தினேன். காது மடிப்பில் இரண்டு குழிகள். ஒன்று ஆழம், ஒன்று அதைவிடக் கொஞ்சம் மேலோட்டம், ஊக்கு வழுக்கியதால் வால் நீண்டது.

அந்த வாலை எனக்குத் தெரியும். அது வழுக்கியபோது என் நகக்கண்ணில் ஊக்கு ஏறி ரத்தம் வந்தது.

"ஊக்குல குடைஞ்சிருக்கானாண்ணா?"

"லென்ஸ்ல தூசி," என்றேன்.

முன்னறைக்கு வந்து, சங்கத்தின் தாளில், 'துடைக்கப்பட்டது, விவரித்தபடி இல்லை' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். தங்கை படமெடுத்து அனுப்பினாள். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். என் தாளைக் கண்டால் நடுங்குவார்கள் என்று சொன்னேன் அல்லவா? இவன் நடுங்கவில்லை. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'தர நிறுவனத்தின் நிபுணர்களுக்குத் தெரியாத துடைப்பு உங்கள் நடுவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? ஆதாரம் அனுப்பவும். இல்லையெனில் திருப்பி எடுக்க இயலாது.' திமிர் பிடித்தவன். ஆனால் கேட்டது நியாயம். லென்ஸ் வழியாக எடுத்த படத்தில் அந்த நிறம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. நாலு முறை எடுத்தோம், நாலிலும் காசு யோக்கியமாகச் சிரித்தது.

மணி ஐந்தே கால். தங்கை நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். கணுக்கால் வீங்கியிருந்தது.

"போனாப் போகுதுண்ணா. தேய்ச்ச காசா இருந்தாலும் கப்பல் காசுதானே? ஓட்டைல வெச்சுக்கோ," என்றாள்.

வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அடுத்த கல்யாணத்தில் கதைக்கு ஒரு முடிவும் கிடைத்துவிடும், தங்கை திருப்பி வாங்கிக் கொடுத்த காசு என்று ஊரே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். ஒரு நிமிஷம் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கணுக்கால் என் கண்ணுக்கு நேராக இருந்தது.

அலமாரியைத் திறந்து ஆல்பத்தை எடுத்தேன். பின் அட்டையின் உறைக்குள் ஒரு புகைப்படம். இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு காசை விற்பதற்காக எடுத்தது, கீறல் தெரிந்ததால் அனுப்பாமல் வைத்துக்கொண்டது. கப்பல் காசு, ராணிப் பக்கம். நிறம் ஏறாத காலம், ஆணியால் கிழித்ததுபோல ஒவ்வொரு கீறலும் பளிச்சென்று தெரிந்தது. காதில் இரண்டு குழிகள்.

"இத அனுப்பு," என்றேன்.

தங்கை படத்தையும் காசையும் மாறி மாறிப் பார்த்தாள். மருந்துச் சீட்டில் தப்பு கண்டுபிடிக்கிறவள், அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. படத்தைத் திருப்பினாள். பின்னால் என் கையெழுத்தில் நாலு வரி இருந்தது. வாங்குகிறவனுக்கு அனுப்ப நான் எழுதிப் பார்த்த வர்ணனை. அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"'கப்பல் காசு. முழு ஒளி. ஒருபோதும் துணி படாதது. தாத்தாவின் பெட்டியில் இருந்தது.'"

"நம்ம தாத்தாகிட்ட ஏதுண்ணா பெட்டி?"

"இல்ல."

"நீதான் தேய்ச்சியா?"

"ஆமா. இன்னும் பளபளன்னு இருக்கட்டுமேன்னு. உன் காலேஜ் லெட்டர் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி. பாழாப் போச்சு. பாக்கவே பிடிக்கல, எவன் தலையிலயாவது கட்டிரலாம்னு இருந்தேன். அப்பதான் லெட்டர் வந்தது."

"மனசு வலிச்சு வித்தேன்னு சொன்னியே."

"வலிச்சுது. ஆனா உனக்காக இல்ல."

அவள் படத்தை அனுப்பினாள். ஆறு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது பதில் வந்தது. திருப்பி எடுத்துக்கொள்கிறானாம். மன்னிப்பும் கேட்டிருந்தான், தன் தலையில் கட்டியவன் இன்னொருவனாம், அந்த இன்னொருவனுக்கு மேலே வேறொருவனாம். வரிசையின் முதல் ஆளான நான் கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை என் தோளில் கை வைத்தார். "விடுங்க மச்சான். சின்ன வயசுல எல்லாரும் எதையாவது தேய்ச்சுத்தான் இருப்போம். பீஸ் கட்டுனது நெஜந்தானே?" வாழைப்பழ ஸ்டிக்கர் படிக்கிற மனிதர் எனக்கு ஆறுதல் சொல்கிறார். பொதுக்குழுவில் எழுப்பி நிற்கவைத்தேனே, அந்த எலுமிச்சம்பழக்காரருக்கு இந்த அளவு ஆறுதல்கூட யாரும் சொல்லவில்லை.

தங்கை காசைப் பழையபடி பொட்டலம் கட்டிப் பையில் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தவள் உடனே கிளம்பவில்லை. சுவரை, கண்ணாடி அலமாரிகளை, அப்பா போட்ட மேற்கூரையை, ஒன்றொன்றாகப் பார்த்தாள். விற்றவனுடைய பக்கத்தை நான் எப்படிப் படித்தேனோ அப்படி.

"நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனே, அந்தப் பத்திரம் உன்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"ஞாயித்துக்கிழமை எடுத்து வைண்ணா. அதையும் ஒரு தடவ அந்த பல்புக்குக் கீழ வெச்சுப் பாக்கணும்."

"போயிட்டு வரோம் மச்சான்," என்றார் மாப்பிள்ளை. அவள் அதைச் சொல்லாமலே படியிறங்கினாள்.