நாற்பத்தொன்றாம் பில்லை

வேலம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். புருஷன் பேரைக் கல்லில் பார்க்க வேண்டும். அவளுக்கு எழுத்து தெரியாது. கொழுந்தன் விரல் வைத்து இதுதான் என்று காட்டினால் போதும், தொட்டுக் கும்பிட்டுக்கொள்வேன் என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அது. அதைக்கூட நடத்திக்கொடுக்க முடியாமல் கொழுந்தன் குழந்தைவேலு ஒரு வாரமாக நாய் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான்.

கல், ரங்கூன் போட்டாதாங் ஜெட்டி வாசலில், ஆள் கணக்கு எழுதும் கிராணியின் ஆபீசுக்குப் பக்கத்தில் சாக்கு போர்த்தி நின்றது. பெரிய சண்டைக் காலத்தில் முழுகிப்போன போர்க்கப்பலின் ஞாபகக் கல். மூன்று புகைக்கூண்டு வைத்த கப்பல் என்பதால் நம் ஜனங்கள் அதை மூணு குழாய்க் கப்பல் என்பார்கள். வெள்ளைக்காரன் வைத்த பேர் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. பதினேழாம் வருஷம் அது ரங்கூன் ஆற்றில் கரி ஏற்ற நின்றது. இருபத்தாறு தமிழ்க் கூலிகள் அடித்தட்டில் கரி வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கடலில் எதிரிக் கப்பல் தென்படுகிறது என்று தந்தி வந்ததும் கப்பல் கிளம்பிவிட்டது. கூலிகளை இறக்கிவிட நேரம் இல்லையாம், திரும்பி வரும்போது இறக்கிக்கொள்ளலாமாம். ஆற்று முகத்துவாரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கப்பல் கண்ணிவெடியில் இடித்தது. அடித்தட்டில் இருந்தவர்களில் ஒருத்தன்கூட மேலே வரவில்லை.

வெள்ளைக்கார மாலுமிகளுக்கு அடுத்த வருஷமே மாதாகோயிலில் பித்தளைத் தகடு பதித்துவிட்டார்கள். முக்குளிக்கிற ஆட்களை விட்டுக் கப்பலின் மணியையும் எடுத்துவந்து கிராணி ஆபீஸ் வாசலில் தொங்கவிட்டார்கள். கூலிகளை ஆஜருக்குக் கூப்பிடுவது அந்த மணிதான். கூட வேலை செய்தவனைக் கொண்டுபோய்க் கொன்ற கப்பலின் மணி அடித்தால் மற்றவன் ஓடிவந்து கை கட்டி நிற்க வேண்டும்; இந்தக் கண்றாவியை யாரும் கண்றாவி என்று சொல்லவில்லை. மணி ஞாபகம் வந்தவர்களுக்குக் கூலிகளின் பேர் ஞாபகம் வர ஒன்பது வருஷம் பிடித்தது. வந்ததும் கமிட்டி போட்டார்கள். கமிட்டியில் தமிழர் தரப்புக்குப் பெரிய மனுஷர் சபாபதி மேஸ்திரி. அந்த இருபத்தாறு பேரையும் எண்ணிக் கப்பலுக்கு அனுப்பியவரே அவர்தான்.

நடந்தது என்னவென்றால், ஜெட்டியில் ஆளுக்கொரு பித்தளைப் பில்லை உண்டு. பில்லையில் நம்பர், நம்பருக்கு நேரே கிராணி புத்தகத்தில் பேர்; தினம் பேர் கூப்பிடும்போது ஜன்னலில் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராதவனின் பில்லையைப் பிடுங்கிவிடுவார்கள். அதைத் திரும்ப வாங்க மேஸ்திரி காலில் விழுந்து கிடக்க வேண்டும். ஆகவே காய்ச்சலில் படுத்தவனின் பில்லையில் அண்ணனோ தம்பியோ பக்கத்துப் பாயில் படுப்பவனோ போவான். பேரைக் கூப்பிட்டால் ஆஜர் என்பான். கிராணிக்கும் இது தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். அவர்களுக்கு வேண்டியது இத்தனை தலை என்பதுதான், யார் தலை என்பது அல்ல.

அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்தவன் குழந்தைவேலு. மூன்றாவது நாள். அவனுடைய நாற்பத்தொன்றாம் பில்லையில் போனவன் அண்ணன் நல்லையா. ராத்திரி வேலை முடித்து வந்து கண்கூட மூடாதவன், தம்பியின் கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டு, நீ படுடா என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான்.

கப்பல் முழுகிய மறுநாள் மேஸ்திரி கூலி லைனுக்கு வந்தார். துக்கம் விசாரிக்க வரவில்லை. புத்தகப்படி செத்தவன் குழந்தைவேலு, அது அப்படியே இருக்கட்டும் என்றார். பில்லை மாற்றியது வெளியே தெரிந்தால் லைனில் இருக்கிற அத்தனை பேருக்கும் வேலை போய்விடும் என்று மிரட்டினார். குழந்தைவேலு இனிமேல் நல்லையா. அண்ணனின் நாற்பத்திரண்டாம் பில்லையில் வேலைக்கு வந்தால் போதும். வேலம்மா தாலியைக் கழற்றக் கூடாது, பொட்டை அழிக்கக் கூடாது, நாலு பேர் கேட்க அழக் கூடாது. நல்லையாதான் சாகவில்லையே! செத்துப்போன குழந்தைவேலுக்காகச் சர்க்கார் கொடுத்த உதவித்தொகையைச் சித்தப்பா முறை என்று எழுதிக்கொடுத்து மேஸ்திரியே வாங்கிக்கொண்ட சங்கதி பின்னால்தான் தெரிந்தது.

இருபத்திரண்டு வயசு, காய்ச்சல் தெளியாத தலை. குழந்தைவேலு சரி என்று ஆட்டிவிட்டான். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வரும். பழைய ஆட்களுக்கு உண்மை தெரியும்; ஆனால் வருஷா வருஷம் புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். புத்தகத்தில் நல்லையா, பெண்சாதி வேலம்மா என்று இருக்கிறது. இவன் அவளை அண்ணி என்று கூப்பிட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? வேலம்மா ஜெட்டி வாசலில் ஆப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழும்படியே ஒருத்தன், பெண்டாட்டியை அண்ணி என்று கூப்பிடுவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டான். அவள் தலை நிமிராமல் அடுத்த ஆப்பத்துக்கு மாவு ஊற்றினாள். அன்று முதல் குழந்தைவேலு அவளோடு பேசுவதையே குறைத்துக்கொண்டான். தூ, இதுவும் ஒரு பிழைப்பா.

கல்லுக்குப் பேர்ப் பட்டியல் கொடுத்ததும் மேஸ்திரிதான். கல்தச்சன் கொத்திக்கொண்டிருந்தபோதே குழந்தைவேலு போய் எட்டிப் பார்த்தான். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க அவனுக்கு வரும். பதினோராவது வரியில் அவன் பேர் இருந்தது. செத்தவர் பட்டியலில் தன் பேரைத் தானே வாசிப்பது எப்படி இருக்கும் என்று எந்த மனுஷனிடமும் கேட்காதீர்கள். வாய் நிறையக் கரித்தூளை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. நல்லையா என்ற பேர் இருபத்தாறு வரியிலும் இல்லை.

லத்தாப் பேட்டையில் இருந்த மேஸ்திரியின் மாடி வீட்டுக்கு மூன்று தடவை நடந்தான். இரண்டு தடவை, ஐயா பூஜையில் இருக்கிறார் என்று வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை மேஸ்திரி வெற்றிலை மென்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. பேரை மாற்றினால் ஒன்பது வருஷத்துப் புத்தகமும் பொய் என்று ஆகிவிடுமே, துறைமுகத் துரை என்ன நினைப்பார் என்று ரொம்பவும் விசனப்பட்டார். பிறகு, நல்ல யோசனை சொல்கிறவர் மாதிரிக் குரலைத் தணித்தார்.

"ஒரு வயித்துல பொறந்தவங்கதானடா ரெண்டு பேரும். எந்தப் பேரு இருந்தா என்ன? உன் பேரைக் காட்டி, இதுதான் அவன் பேருன்னு அவகிட்ட சொல்லிடு. அவளுக்கு எழுத்தா தெரியும்?"

சொல்லிவிட்டுப் படிக்கத்தில் எச்சிலைத் துப்பினார். செத்தவனின் அண்ணன் என்ற முறையில் மாலை போட அவனையே மேடைக்குக் கூப்பிடப்போவதாகவும், நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வரும்படியும் சொல்லி அனுப்பினார். மாடிப்படி இறங்கும்போது குழந்தைவேலு பாதிப் படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேடைக்கா கூப்பிடுகிறீர், வருகிறேன், துரைக்கு முன்னாலேயே சொல்கிறேன் என்று முடிவு கட்டினான். அண்ணியிடமும் அதைச் சொன்னான். சரி தம்பி என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விழா. பாண்டு வாத்தியம், காகிதத் தோரணம், நாற்காலிகளில் பெரிய மனுஷர்கள், தரையில் கூலிகள், ஓரமாகப் பெண்கள். ஆற்று நடுவில் ஒரு ஸ்டீமர் கரிக்காகக் காத்து நின்றது. விழா முடிந்த கையோடு அதற்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று கிராணி ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தான்.

துரை இங்கிலீஷில் பேசப் பேச மேஸ்திரி தமிழில் சொன்னார். முழுகிப்போன கப்பல் நமக்குப் பெரிய பாடம் கற்றுக்கொடுத்திருக்கிறதாம். கூலிகளை இறக்காமல் கிளம்பியது பெரும் பிழையாம். இனி இந்தத் துறையில் எந்தக் கூலி எந்தக் கப்பலில் ஏறினாலும் அவன் பேரும் நம்பரும் புத்தகத்தில் இருக்குமாம், யார் என்று தெரியாமல் ஓர் உயிர்கூடப் போகாதாம். சரித்திரம்தான் நமக்கெல்லாம் வாத்தியார் என்று மேஸ்திரி தன் சரக்கையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். வாத்தியாராம்! அந்த வாத்தியார் கையில் பொய்ப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு இவர்கள் என்னத்தைப் படித்துக் கிழிக்கப்போகிறார்கள்? நாற்காலிக்காரர்கள் கை தட்டினார்கள். கூலிகளும் தட்டினார்கள், பழக்கதோஷம்.

சாக்கை இழுத்தார்கள். மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். மேஸ்திரி நல்லையா என்று கூப்பிட, குழந்தைவேலு மாலையோடு போனான். மாலையைக் கல்லுக்குப் போடாமல் துரைக்கு நேரே திரும்பினான்.

"ஐயா, நான் நல்லையா இல்ல. நான்தான் குழந்தைவேலு. செத்தது எங்கண்ணன் நல்லையா. என் பில்லையில போனாரு. கல்லுல அவரு பேரை எழுதச் சொல்லுங்க."

பழைய கூலிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். துரை, என்ன சொல்கிறான் என்பதுபோல மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி முகத்தில் ஒரு ரேகை மாறவில்லை. பவ்வியமாகக் குனிந்து இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார். துரையின் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து குழந்தைவேலுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் பேசியதில் தாங்க்யூ மட்டும் அவனுக்குப் புரிந்தது. மறுபடி கைதட்டல். அவன் கையிலிருந்த மாலையை மேஸ்திரியே வாங்கிக் கல்லில் போட்டுவிட்டார். பாண்டு ஆரம்பித்தது.

இங்கிலீஷ் தெரிந்த கிராணி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தான். குழந்தைவேலு அவனிடம் போய், மேஸ்திரி என்ன சொன்னார் என்று கேட்டான். அண்ணனும் தம்பியுமாகத் துரைக்கு நன்றி சொல்வதாக நீ சொன்னாயாம் என்றான் கிராணி. குழந்தைவேலு துரை குலுக்கிய கையை வேட்டியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான்.

பெரிய மனுஷர்கள் டீ குடிக்கப் பந்தலுக்குப் போனார்கள். வேலம்மா பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து கல்லுக்குப் பக்கத்தில் வந்தாள். எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உங்க பேரு எங்க இருக்கு தம்பி, அதையாவது காட்டுங்க என்றாள். அவன் பதினோராவது வரியில் விரலை வைத்தான். அவள் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கும்பிடவில்லை. உயிரோடு பக்கத்தில் நிற்கிறவன் பேரை எப்படிக் கும்பிடுவாள்?

அப்போது மணி அடித்தது. அதே கப்பலின் மணி. கூலிகள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து ஜன்னலுக்கு முன்னால் வரிசை பிடித்தார்கள். கிராணி பேர் கூப்பிடத் தொடங்கினான். முத்து முகம்மது என்றான். முத்து முகம்மது கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பது ஜெட்டிக்கே தெரியும். கபீர் பாய் முன்னால் வந்து ஆஜர் என்று சொல்லிப் பில்லையை வாங்கிக்கொண்டார். குழந்தைவேலுவோடு எத்தனையோ வருஷமாக ஒரே நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அவர். சரித்திரப் பாடம் சொன்ன மேஸ்திரி நாலடி தள்ளி பிஸ்கோத்தை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். கல்லில் போட்ட மாலை இன்னும் வாடவில்லை.

"நல்லையா," என்றான் கிராணி.

ஒன்பது வருஷப் பழக்கம். ஆஜர் என்ற சொல் குழந்தைவேலுவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் வேலம்மா ஜன்னலுக்கு நேரே திரும்பி நின்றாள். நெற்றிப் பொட்டை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"அவரு செத்து ஒன்பது வருசமாச்சு. அந்தப் பேரை அடிச்சிருங்க."

கிராணி பந்தல் பக்கம் பார்த்தான். மேஸ்திரி டீயைக் கீழே வைக்காமலே, அடித்துவிடு என்பதுபோலக் கையை அசைத்தார். கிராணி ஒரு கோடு இழுத்தான். பிறகு குழந்தைவேலுவிடம், அப்படியானால் நீ யார் என்று கேட்டான். குழந்தைவேலு தன் பேரைச் சொன்னான். ஒன்பது வருஷமாக வாய்விட்டுச் சொல்லாத பேர், அன்றைக்கு இரண்டாம் தடவை.

கிராணி பேனாவால் கல்லைக் காட்டினான். அந்தப் பேர்தான் கல்லில் ஏறிவிட்டதே, செத்தவனுக்கு எப்படிப் பில்லை கொடுப்பது என்றான். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவனுக்கு வழி தெரியவில்லை. கொஞ்சம் யோசித்தான். மேஜை டிராயரைத் துழாவி ஒரு பில்லையை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தான்.

"ராஜரத்தினத்துக்கு வயித்துப்போக்கு. இன்னிக்கு இதுல போ. மத்ததை நாளைக்குப் பாத்துக்கலாம்."

குழந்தைவேலு அந்தப் பித்தளையைப் பார்த்தான். அறுபத்து மூன்று என்று இருந்தது. வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது. ஓரமாகப் போய்க் காறித் துப்பினான். பில்லையைத் தொடாமல், சம்பான் படகில் ஏறிக்கொண்டிருந்த ஆட்களை நோக்கி ஓடினான். கபீர் பாய் பலகையில் ஒரு கால் வைத்திருந்தார். அவர் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"பாய், போறதுக்கு முன்னாடி உங்க பேரைச் சொல்லிட்டுப் போங்க. இத்தனை பேர் கேக்க ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க."

கபீர் பாய் அவனைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். கையிலிருந்த பில்லையை இடுப்புத் துணியில் செருகிக்கொண்டார்.

"முத்து முகம்மது," என்று சொல்லிவிட்டுச் சம்பானில் ஏறி உட்கார்ந்தார்.