இடது பக்கத்து சீட்

மயில்சாமியின் காரைப் பற்றி நியூஜெர்சியில் எடிசன் ஊர்த் தமிழர்களிடம் ஒரு கதை உலவியது. அதைச் செய்த கம்பெனி செத்து முப்பது வருஷம் ஆகிவிட்டதாம். கருமாதிக்கு வந்த கார் மட்டும் ஊர் திரும்பாமல் இவர் வீட்டிலேயே தங்கிவிட்டதாம். கிளப்பிவிட்டவர் சேனாபதி. மயில்சாமியோடு ஒரே ஆபீஸில் வேலை பார்ப்பவர், மின்சாரக் கார் வைத்திருப்பவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறிக் கடை வாசலில் பார்த்துவிட்டால் போதும், "என்னுங்க மயிலு, இன்னைக்கு அது உங்களைக் கூட்டிட்டு வந்துச்சா, இல்ல நீங்க அதைத் தள்ளிட்டு வந்தீங்களா?" என்பார்.

மயில்சாமி சிரித்துக்கொள்வார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சொல்லி வைத்தவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை.

கார் 1978-ஆம் வருஷத்து வெஸ்ட்பரி, பிரிட்டனில் செய்தது. நிறம் சுக்குக் காப்பி. முன்னாலிருந்து பார்த்தால் பல்வலிக்காரன் முகம். பிறந்த நாட்டிலேயே அதற்கு மரியாதை கிடையாது. மழை பெய்தால் உள்ளே ஒழுகும், வெயில் அடித்தால் எஞ்சின் கொதிக்கும், இரண்டும் இல்லாத நாளில் எண்ணெய் சொட்டும். 1998-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் வேலை பார்த்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் பழைய இரும்புக்குப் போடக் கிளம்பியதை மயில்சாமி வழிமறித்து வாங்கினார். "போயும் போயும் இதையா?" என்றாள் அவர் மனைவி வசந்தாமணி. அவருக்கு அப்போது அதன்மேல் இருந்தது வெறும் இரக்கம்தான். அந்த வருஷக் குளிரில் ஒரு காலை, தெருவில் இருந்த நல்ல கார்கள் எல்லாம் படுத்துக்கொள்ள, இது மட்டும் இரண்டு இருமல் இருமிவிட்டுக் கிளம்பியது. காய்ச்சலில் துவண்டுகிடந்த மகள் வான்மதியை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்றிலிருந்து அந்தக் காரை யாராவது குறைசொன்னால் மயில்சாமிக்குச் சொந்தத்தில் ஒருவரைச் சொன்னதுபோல இருக்கும்.

2005-ல் வேலை நியூஜெர்சிக்கு மாறியது. வீட்டுச் சாமான் அனுப்பக் கம்பெனி ஒரு கன்டெய்னர் கொடுத்தது. மற்றவர்கள் அதில் சோபாவும் கட்டிலும் ஏற்றுவார்கள். இவர் காரை ஏற்றினார். வசந்தாமணியின் கிரைண்டருக்கு டிக்கியில் இடம் கிடைத்தது. அவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

இங்கே வந்தபிறகுதான் வேடிக்கை. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், ஓட்டுகிறவர் இடப்பக்கம் உட்காருவார். வெஸ்ட்பரியில் ஸ்டியரிங் நம் ஊரைப்போல வலப்பக்கம். ஆக, மற்ற காரில் டிரைவர் உட்காரும் இடத்தில் இந்தக் காரில் வசந்தாமணி உட்கார்ந்தாள். ஒரு சனிக்கிழமை, கடையில் வாங்கிய கீரையை மடியில் பரப்பி இரண்டு கையாலும் ஆய்ந்துகொண்டு வந்தவளைப் பார்த்து, ஒரு போலீஸ்காரர் விளக்கைச் சுழற்றிக்கொண்டு துரத்திவந்து நிறுத்தினார். ஸ்டியரிங்கைக் காணாமல் அவர் விழித்த விழியை வசந்தாமணி பத்து வருஷம் எல்லோருக்கும் நடித்துக் காட்டினாள்.

டோல் பூத் அவள் பக்கம் வந்தது. காபிக் கடையில் காரிலிருந்தே வாங்கும் டிரைவ் த்ரூ ஜன்னலும் அவள் பக்கம் வந்தது. கோவென்ட்ரியில் ஏழு வருஷம் கடைக்காரர்களிடம் விரலால் காட்டியே காலம் தள்ளியவள், பின்னால் ஆறு கார் காத்திருக்க இங்கே வாயைத் திறந்தே ஆகவேண்டியதாயிற்று. "டூ காபி, ஒன் நோ சுகர், வெரி ஹாட், ப்ளீஸ்." சர்க்கரை இல்லாதது மயில்சாமிக்கு. அவள் இங்கிலீஷ் படித்த பள்ளிக்கூடம் அந்த ஜன்னல்தான்.

இதையெல்லாம்விடப் பெரியது ஓவர்டேக். சனிக்கிழமைதோறும் காபி வாங்கியதும் இருவரும் மேற்கே ஹண்டர்டன் பக்கத்துப் பண்ணைச் சாலைகளில் ஒரு சுற்றுப் போய் வருவார்கள். போகவும் வரவும் ஒரே சாலை. முன்னால் வைக்கோல் டிரக் ஒன்று ஊர்ந்தால், வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மயில்சாமிக்கு டிரக்கின் முதுகைத் தவிர வேறு எதுவும் தெரியாது. எதிரே வண்டி வருகிறதா என்பது வசந்தாமணியின் கண்ணுக்குத்தான் தெரியும்.

"என்ன புள்ள, போலாமா?" என்பார்.

"சித்த இருங்க," என்பாள். எதிரே ஏதோ வருகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். அது விர்ரென்று கடந்ததும், "இப்பப் போலாங்க."

அவர் கேட்காமல் அவள் சொல்லமாட்டாள். அவள் சொல்லாமல் அவர் எடுக்கமாட்டார். பதினேழு வருஷம் இப்படி ஓடியது. சில சனிக்கிழமைகளில், முன்னால் ஒரு டிரக் வந்தால் தேவலையே என்றுகூட மயில்சாமி ஏங்கியதுண்டு.

2022 செப்டம்பரில் வான்மதியின் பிரசவத்துக்காக வசந்தாமணி கலிஃபோர்னியா போனாள். "மூணே மாசமுங்க. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துருவேன்." ஃப்ரீமாண்டில் பேத்தி வெண்பா பிறந்தாள். வான்மதி வேலைக்குத் திரும்பினாள். குழந்தையை டேகேரில் விட்டால் வாரம் ஒரு காய்ச்சல். மூன்று மாதம் ஆறாகி, ஆறு ஒரு வருஷமாகி, இப்போது இரண்டரை வருஷத்தையும் தாண்டிவிட்டது. நடுவில் இரண்டு தடவை எடிசன் வந்து போனாள். இரண்டும் பனிக்காலம். உப்புத் தூவிய சாலையில் வெஸ்ட்பரியை இறக்கினால் துருப்பிடிக்கும் என்று ஏர்போர்ட்டுக்குச் சேனாபதியின் காரில்தான் போனார்கள்.

"அப்பா, நீங்களும் இங்க மூவ் ஆயிடுங்களேன். வீட்டை செல் பண்ணிடலாம்," என்று வான்மதி மாதம் ஒரு தடவை சொல்வாள்.

"காரை என்ன பண்றது?" என்பார்.

அது சாக்கு. மாப்பிள்ளை வீட்டில் போய்ப் பெட்டியை இறக்க அவருக்கு மனம் வரவில்லை என்பது பாதி உண்மை. மீதிப் பாதி அவர் யாரிடமும் சொல்லாதது. வசந்தாமணி தானாக, அவருக்காக, ஒருநாள் திரும்பி வந்து நிற்கவேண்டும் என்று அந்த மனுஷன் ஏங்கினார். 'வா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? சொல்லவில்லை. பேத்தியை வளர்க்கிறவளை நான் எப்படிக் கூப்பிடுவது, அவளுக்கே தெரியவேண்டாமா என்று உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு இருந்தார். அவள் போனில், "கார் எப்படி இருக்குதுங்க?" என்பாள். "கார் நல்லாத்தான் இருக்குது," என்பார். "சாப்டீங்களா?" என்பாள். "ம்" என்பார்.

சனிக்கிழமைகளில் தனியாகப் போனார். காபி ஜன்னலில் காரை நிறுத்தி, இறங்கி, சுற்றிக்கொண்டு நடந்துபோய் வாங்கினார். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள், போனில் படமும் பிடித்தார்கள். ஒருநாள் பழக்கதோஷத்தில் "டூ காபி" என்று சொல்லிவிட்டார். சர்க்கரை போட்ட காபியை இடது சீட்டில் வைத்து ஓட்டிவந்தபோது ஒரு திருப்பத்தில் அது கவிழ்ந்தது. காரில் ஒரு தூசி பொறுக்காதவர், அந்தக் கறையைத் துடைக்காமல் விட்டார்.

இந்த வருஷம் ஏப்ரலில், மறுபடியும் காரை என்ன பண்றது என்று அவர் ஆரம்பித்தபோது வசந்தாமணி வெடித்தாள்.

"இன்னும் எத்தனை வருஷத்துக்குங்க இதையே சொல்லுவீங்க? நீங்க உங்க காரைக் கட்டிட்டு அங்கயே இருங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்."

போனை வைத்துவிட்டாள். முப்பத்துநாலு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அப்படி வைத்ததில்லை. மயில்சாமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கும் தனக்கும் நடுவில் நிற்பது கார்தான் என்று முடிவுகட்டினார். அது போகட்டும், அவள் இருக்கும் இடத்துக்கே போய்விடலாம், மாப்பிள்ளை வீடானால் என்ன, என்ன வீடானால் என்ன.

அமெரிக்கா முழுக்க வெஸ்ட்பரி வைத்திருப்பவர்கள் பதினோரு பேர். உதிரிப் பாகம் தேடவும், யார் காரைப் பார்த்து யார் சிரித்தார்கள் என்று சொல்லி ஆற்றிக்கொள்ளவும் தங்களுக்குள் ஈமெயில் எழுதிக்கொள்வார்கள். அவர்களுக்கு மயில்சாமி இரண்டு வரி எழுதினார். பென்சில்வேனியாவிலிருந்து வால்டர் என்பவர் பதில் போட்டார். ஏற்கெனவே ஒரு வெஸ்ட்பரி வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர், இரண்டாவதும் வேண்டுமாம்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை வந்தார். எழுபது வயதிருக்கும். கதவைத் திறந்து உள்ளே மூக்கை நீட்டி முகர்ந்துவிட்டு, "என் வண்டியிலும் இதே வாசனைதான்," என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். மயில்சாமி சாவியைக் கொடுத்தார். கொடுத்தபிறகுதான், இருபத்தேழு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் காரின் இடது சீட்டில் தான் உட்காரப்போகிறோம் என்பது உறைத்தது.

உட்கார்ந்தார். கதவைச் சாத்தக் கைப்பிடியைப் பற்றியபோது அதன் உட்புறம் சொரசொரவென்று தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தார். பிறைபிறையாக நான்கு தழும்புகள். ஒவ்வொன்றும் ஆழமாக, பலகாலம் ஒரே இடத்தில் நகம் பதிந்து பதிந்து உண்டானவை. இத்தனை வருஷம் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய காரில் அவர் பார்க்காமல் விட்ட இடம் அது ஒன்றுதான்.

ஹண்டர்டன் சாலையில் எதிர்பார்த்தபடியே ஒரு டிரக் முன்னால் ஊர்ந்தது.

"க்ளியரா?" என்றார் வால்டர்.

மயில்சாமி எட்டிப் பார்த்தார். தூரத்தில் ஒரு வெள்ளைக் கார். வருகிறதா, நிற்கிறதா, எவ்வளவு வேகம் என்று யோசிப்பதற்குள் அது காதருகே கடந்து போயிற்று.

"இப்போது?"

சாலை காலியாகத்தான் தெரிந்தது, அந்த வளைவு வரைக்கும். வளைவுக்கு அப்பால்? ஒரு தடவை தப்பாகச் சொன்னால் முதலில் நொறுங்குவது இந்தப் பக்கம். கை தானாகக் கைப்பிடிக்குப் போயிற்று. நகங்கள் அந்தத் தழும்புகளில் போய்ப் பொருந்தின.

"என்னால் சொல்ல முடியாது," என்றார்.

வால்டர் டிரக்குக்குப் பின்னாலேயே போனார். கொஞ்சதூரம் போனதும், உனக்கு யார் சொல்வது என்று கேட்டார். மனைவி என்றார் மயில்சாமி. அவள் எங்கே? கலிஃபோர்னியாவில், இரண்டரை வருஷமாக. அப்படியானால் இத்தனை நாள் எப்படி ஓவர்டேக் செய்தாய்?

"செய்யவே இல்லை."

வால்டர் தலையாட்டினார். தன் மனைவி டோனா நாற்பது வருஷமாக இந்தப் பக்கம் உட்காருவதாகவும், அவளுக்கும் இந்தக் காரைக் கண்டால் ஆகாது என்றும் சொன்னார். பிறகு ஏன் ஏறுகிறாள் என்று மயில்சாமி கேட்டார். அதைக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை என்றார் அவர். வீட்டு வாசலில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதலில் உன் மனைவியைக் கேள், அப்புறம் எனக்கு எழுது என்று சொல்லிப் போனார்.

மயில்சாமி சீட்டைவிட்டு இறங்கவில்லை. அங்கிருந்தே வசந்தாமணிக்குப் போன் போட்டார்.

"வசந்தா, நான் உன்ற சீட்டுல உக்காந்திருக்கறேன்."

"அங்க எதுக்குங்க போய் உக்காந்தீங்க?"

சொன்னார். காரை விற்க எழுதியது, வால்டர் வந்தது, டிரக் போனது எல்லாவற்றையும் சொன்னார்.

"பயமா இருந்துச்சுங்களா?"

"உசுரே போயிருச்சு. உனக்கு?"

"எனக்குப் பதினேழு வருஷமும் பயந்தானுங்க."

"அப்புறம் எதுக்குப் புள்ள ஏறுன?"

"நீங்க என்னைக் கேட்டீங்கல்லங்க," என்றாள். "லண்டன் பக்கம் போலாமான்னு என்னைக் கேக்கல. அமெரிக்கா வரலாமான்னு கேக்கல. இந்த வீடு வாங்கலாமான்னு கேக்கல. அந்தக் கார்ல ஏறுனா மட்டுந்தான், என்ன புள்ள போலாமான்னு கேட்டுட்டு, நான் சொல்ற வரைக்கும் இருப்பீங்க. அதுக்காக ஏறுனனுங்க."

மயில்சாமிக்கு இப்போதுதான் புரிந்தது. இரண்டரை வருஷமாக அவள் தானாக வரட்டும் என்று இவர் இருந்திருக்கிறார். இவர் ஒரு தடவை கேட்கட்டும் என்று அவள் இருந்திருக்கிறாள்.

"நீ இல்லாம இந்த வீட்டுல இருக்க முடியல புள்ள," என்றார். "நான் அங்க வந்தாலும் சரி, நீ இங்க வந்தாலும் சரி. நீ சொல்றதுதான். என்ன புள்ள... போலாமா?"

அந்தப் பக்கம் வெண்பா "அம்மிச்சி, அம்மிச்சி" என்று பாட்டியைத் தேடி அழும் சத்தம் கேட்டது. குழந்தையைத் தூக்கிக்கொள்வது தெரிந்தது. அழுகை அடங்கியது. வசந்தாமணி மூக்கை உறிஞ்சினாள்.

"சித்த இருங்க," என்றாள். "பாப்பா செப்டம்பர்ல ப்ரீஸ்கூல் போறா. நான் அங்க வரப்போறதை வான்மதிகிட்ட பக்குவமாச் சொல்லோணும். அது வரைக்கும் சித்த இருங்க."

"இருக்கறேன்," என்றார்.

போனை வைத்தபின் இறங்கி, சுற்றிக்கொண்டு போய்த் தன் சீட்டில் உட்கார்ந்தார். இடது சீட்டில் காபிக் கறை அப்படியே இருந்தது. செப்டம்பருக்கு இன்னும் நான்கு மாதம். இரண்டரை வருஷத்தைவிட அந்த நான்கு மாதம் நீளமாகத் தெரிந்தது. ஆனால் பதினேழு வருஷத்தில், சித்த இருங்க என்று சொன்னவள், அதற்கப்புறம் போலாங்க என்று சொல்ல ஒரு தடவைகூட மறந்ததில்லை.