கருங்காலி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு ஞானத்தாய்

வேலைநிறுத்தம் தொடங்கிப் பத்தொன்பதாம் நாள் சாமியார் மலைக்கு வந்தார். மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். சூரியநெல்லிக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில், தகரக் கூரை போட்ட சின்ன மாதா கோயில் நிரம்பி வழிந்தது. ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில், வேலையில்லாத சனம் வேறு எங்கே போகும்?

கத்தரீனாள் பின்வரிசையில் முழங்கால் போட்டிருந்தாள். மறியலில் பிடித்த அவள் புருஷன் சூசையப்பனைத் தேவிகுளம் ஜெயிலில் அடைத்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் நாள் அழுதாள். பிறகு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பசிகூட வேறு யாருக்கோ எடுப்பது போலத்தான் இருந்தது. வேலைநிறுத்தக் கமிட்டி ஊற்றும் கஞ்சியை இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு, தன் பங்கை ருசி தெரியாமல் குடித்தாள்.

பூசை முடிந்ததும் சந்தனமேரி பச்சைப் பிள்ளையோடு முன்னே போய் நின்றாள். லயத்து வரிசை வீடுகளில் கத்தரீனாளுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர்தான். சந்தனமேரிக்கு வலி கண்ட வாரத்தில் அவள் புருஷன் சுவக்கீன் வேலைநிறுத்தத்தை விட்டு வேலைக்குத் திரும்பிவிட்டான். அன்றே கமிட்டித் தலைவர் ஆசீர்வாதம் லயம் லயமாகப் போய்ச் சொன்னார்: "அந்தக் கருங்காலி வீட்ல ஒருத்தரும் பச்சத்தண்ணி பொழங்கப்படாது. மீறினா கஞ்சி கெடையாது."

"ஞானத்தாய் யாரம்மா?" என்று கேட்டார் சாமியார்.

சந்தனமேரி திரும்பிப் பார்த்தாள். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி ஞானத்தாய் ஆனவள் அந்த வீட்டு உறவு; அதைச் சாகும்வரை கழற்றிப் போட முடியாது.

"ஏந்த ஆள் இல்லாமல் ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. அடுத்த மாதம் பார்ப்போம்."

பிள்ளையின் கால்கள் பல்லியின் கால் போல இருந்தன. ஞானஸ்நானம் பெறாமல் செத்துப்போகிற பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியேதான் புதைப்பார்கள்.

கத்தரீனாள் தன் நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தாள். இரக்கம் என்று எதுவும் அகப்படவில்லை. சுவக்கீன் மேல் வெறுப்பாவது இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. தண்ணீர் நின்றுபோன குழாயைத் திருகியது போல இருந்தது. கஞ்சி போய்விடும் என்பது தெரிந்தது. இரக்கம் வரட்டும் என்று காத்திருந்தால் சாமியார் மலை இறங்கிவிடுவார் என்பதும் தெரிந்தது.

எழுந்து போய்ப் பிள்ளையை வாங்கினாள்.

"என்ன பேர்?"

அவளுக்குத் தெரியாது. பன்னிரண்டு நாளாகச் சுவருக்கு அந்தப் பக்கம் அழுகிற பிள்ளை. தாயைப் பார்த்தாள்.

"பேரு என்னன்னு யாரு வந்து கேட்டா?" என்றாள் சந்தனமேரி. "நீங்களே வைங்கக்கா."

"சகாயம்," என்றாள் கத்தரீனாள். வாயில் முதலில் வந்தது அதுதான். தண்ணீர் ஊற்றியபோது பிள்ளை முனகியதோடு சரி.

வெளியே பெண்கள் காத்திருந்தார்கள்.

"ஏட்டி கத்தரீனா, புருசன் அங்க களி திங்கான், நீ இங்க கருங்காலி புள்ளய ஏந்துதியா?"

"ஒனக்கும் வேணும்னா ஏந்திக்கோ. கனமே இல்ல."

மத்தியானம் ஆசீர்வாதமே அகப்பையைப் பிடித்திருந்தார். அவளுடைய பிள்ளைகள் இருவரின் தட்டிலும் ஊற்றினார். அவள் தட்டைத் தாண்டி அடுத்த தட்டுக்குப் போனார்.

"சின்னதுக என்ன செய்யும், அதான் ஊத்துதேன். நாளைக்கு ஒம் புருசன் மொகத்துல எப்பிடி முழிப்ப?"

"அவுக வந்து கேக்கட்டும். அவுககிட்டச் சொல்லிக்கிடுதேன்."

வெறும் தட்டோடு வீட்டுக்கு வந்தாள். சற்று நேரத்தில் சந்தனமேரி, தோளில் பிள்ளையும் கையில் மூடிய சட்டியுமாக வாசலில் நின்றாள். சட்டியில் ஆவி பறக்கும் சோறு.

"யக்கா, ஒங்களுக்குத்தான்."

"சுவக்கீன் சம்பளத்து அரிசியா?"

சந்தனமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கொண்டு போ. எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்கையில எனக்கு அது எறங்காது."

சந்தனமேரி சட்டியோடு திரும்பினாள்.

"நில்லு. சோத்தைத்தான கொண்டுபோகச் சொன்னேன்? புள்ளய இங்க குடு. ஒங் கண்ணு ரெண்டும் குழிஞ்சு கெடக்கு. போய்க் கொஞ்சம் தூங்கு."

கதவைத் திறந்தே வைத்துக் கத்தரீனாள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். குழாயடிக்குப் போகிற பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மடியில் கிடந்த சகாயம் மூத்திரம் பெய்தது. சேலை நனைந்து, தொடையில் சூடு பரவியது. வயிறு பசியில் காந்தியது. பிள்ளை விழித்துவிடக் கூடாதென்று, அவள் அப்படியே அசையாமல் இருந்தாள்.